கேன்டீன் டிவியை நிறுத்தச் சொல்லி மாமாவுக்கு

புதூர் பக்கத்திலிருந்து,
ஐப்பசி முதல் வாரம், திங்கட்கிழமை மாலை.

பனிமலையில் காவல் நிற்கும் மதிப்பிற்குரிய சுந்தரபாண்டியன் மாமா அவர்களுக்கு, ஒன்பதாம் வகுப்பு வள்ளிமயில் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, நான், பதினான்கு ஆடுகள், எல்லோரும் சுகம். மழை மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. தங்கள் நலத்தையும், தங்களைச் சுற்றியுள்ள பனியின் நலத்தையும் அறிய ஆவலாக இருக்கிறேன்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் உங்கள் முகாமில் சிக்னல் கிடைக்கும் இரண்டு நிமிடத்தையும் சாப்பிட்டாயா, ஸ்வெட்டர் போட்டிருக்கிறாயா என்று கேட்டு அம்மாவே முடித்துவிடுகிறாள். என் விஷயமோ இரண்டு நிமிடத்தில் அடங்காது. முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொங்கல் லீவுக்கு வரும்போது ராணுவ கேன்டீனில் வாங்கி வருவதாகச் சொன்னீர்களே, அந்தப் பெரிய டிவியைத் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். எங்கள் வீட்டில் இப்போது தியேட்டர் இருக்கிறது.

எப்படி வந்தது என்று கேட்பீர்கள். எதிர்வீட்டுப் பெருமாள்சாமி பெரியப்பா வைகாசியில் அறுபத்தைந்து அங்குல டிவி வாங்கியது உங்களுக்குத் தெரியும். அன்றிலிருந்து தெருவே சாயங்காலம் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. எங்களுக்கு வாசல்படி ஓரம்தான் கிடைக்கும், அங்கிருந்து பார்த்தால் எல்லா நடிகர்களும் ஒல்லியாகத் தெரிவார்கள். பெரியப்பா ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு, படத்தில் அழுகிற இடம் வந்ததும் செய்திக்கு மாற்றிவிடுவார். போன மாதம் ஒரு நாள் அப்பா பாதியில் எழுந்து வந்து, "இனி அங்கன போய் உக்காரப்பிடாது" என்று சொல்லிவிட்டார். அம்மா உங்கள் டிவி வரட்டும் என்றாள். நான்தான் நடுவில் புகுந்து, டிவியைவிட புரொஜெக்டர் பெரிது, சுவர் முழுக்கப் படம் விழும் என்று சொன்னேன். சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவில்லை மாமா. பள்ளி நூலகத்துக் கணினியில் பத்து நாள் படித்து, சமூக அறிவியல் நோட்டின் பின்பக்கம் இருபத்தாறு பக்கம் குறிப்பு எழுதினேன். வெளிச்சத்தை லூமன் என்ற அளவில் சொல்லுவார்கள். பெட்டியில் பத்தாயிரம் லூமன் என்று பெரிதாகப் போட்டிருந்தால் நம்பக் கூடாது, பக்கத்தில் ஆன்சி என்ற சொல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இருந்தால் எண் சிறிதாக இருக்கும், ஆனால் உண்மையாக இருக்கும். இதை வாசித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அப்பாவிடம் சொன்னேன். "அப்ப ஆட்டு யாவாரி மாதிரிதான்" என்றார். ஒரே வரியில் அவருக்குப் புரிந்துவிட்டது.

சனிக்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை நாங்கள் மூன்று பேரும் கோவில்பட்டிக்குப் போனோம். கடையில் செல்வகணேஷ் என்று ஒரு அண்ணன் நின்றிருந்தார். நான் ஆன்சி லூமன் எத்தனை என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்து, "பாப்பா, வெளிச்சம் சூப்பரா இருக்கும்" என்று சொல்லி கடை விளக்கை அணைத்தார். நான் விளக்கைப் போடச் சொல்லிப் பெட்டியின் அடிப்பக்கத்தைப் படித்தேன். அதற்குள் அப்பா மெஷினை எடுத்துக் கையில் தூக்கி எடை பார்த்து, மல்லாக்கப் போட்டு வயிற்றைத் தடவி, லென்ஸுக்குள் ஒரு கண்ணை வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டயபுரம் சந்தையில் கிடாய்க்குப் பல் பார்க்கிற அதே பார்வை. பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தன் வலது கையின் மேல் போட்டு, செல்வகணேஷ் அண்ணன் முன்னால் நீட்டினார். சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்துத்தானே விலை பேசுவார்கள், அப்பாவுக்கு வேறு விதமாகப் பேசத் தெரியாது. அந்த அண்ணன் பதறிப்போய், "சார், கையில அடிபட்டிருக்கா?" என்று கேட்டார். அப்பா, "வெரல புடிங்க தம்பி" என்றார். அவர் பிடிக்கவே இல்லை. கடைசியில் பெட்டியில் ஒட்டியிருந்த விலைக்கே வாங்கினோம். பிடிக்காவிட்டால் பத்து நாளைக்குள் திருப்பித் தரலாம் என்று ரசீதில் எழுதியிருந்தது. அந்த வரியை அம்மா என்னை இரண்டு முறை வாசிக்கச் சொன்னாள். பஸ்ஸில் வரும்போதே தீர்ப்பும் சொல்லிவிட்டாள்: "அடுத்த வாரம் ஞாயித்துக்கெழம தெருவையே கூப்பிட்டு ஒரு படம் போடணும். எல்லாரும் பாக்குற மாதிரி தெரிஞ்சா இருக்கட்டும். தெரியலைன்னா மெஷினு கடைக்கு, எந்தம்பி டிவி வீட்டுக்கு." ஆக மாமா, என் இருபத்தாறு பக்கமும் ஞாயிற்றுக்கிழமையின் கையில் இருந்தது.

முதல் சிக்கல் தூரம். நூறு அங்குலப் படம் வேண்டுமென்றால் மெஷின் சுவரிலிருந்து பத்தடி தள்ளி இருக்க வேண்டும். எங்கள் முன்னறை எட்டடி. இது என் குறிப்பில் இருந்தது, ஆனால் முன்னறையை நான் அளந்து பார்க்கவில்லை, எட்டு வருஷமாக அதில் படுத்து எழுந்தும் அது பத்தடி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். எனவே மெஷினை அடுப்படிக்குள் கொண்டுபோய், அரிசி டிரம்மின் மேல் வைத்து, கதவு நிலை வழியாகப் படத்தை முன்னறைச் சுவருக்கு அனுப்பினோம். படம் விழுந்தது. இவ்வளவு பெரிதாக நான் எதையும் வீட்டுக்குள் பார்த்ததில்லை. ஒரு பூனை விளம்பரம் வந்தது, பூனையின் மீசை என் கையைவிட நீளம். நான் அழுதுவிட்டேன் என்று அம்மா சொல்லுவாள், அது உண்மையில்லை, கண் கூசியது. ஆனால் அடுப்பு மெஷினுக்குப் பின்னால் இருந்ததால், அம்மா குழம்புச் சட்டியோடு வெளியே வரும்போதெல்லாம் சட்டியும் கையுமாக ஒரு ராட்சத நிழல் சுவரில் எழுந்து பூனையை மறைத்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, "நான் இவ்வளவு குண்டாவா இருக்கேன்?" என்று அப்பாவிடம் கேட்டாள். அப்பா ஆட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

இரண்டாவது சிக்கல், படம் சாய்ந்திருந்தது. அம்மா வேலை பார்க்கும் தீப்பெட்டி ஆபீஸிலிருந்து கொண்டுவந்த காலிப் பெட்டிகளை இடது காலுக்கு அடியில் ஒன்று, இரண்டு என்று வைத்துப் பார்த்தோம். அப்பாவுக்கு நேராகத் தெரிந்தால் அம்மாவுக்குக் கோணலாகத் தெரிந்தது. மெஷினில்தான் பழுது என்று முடிவாகும்போல இருந்ததால் நான் ஓடிப்போய் இசக்கிதுரை கொத்தனாரை ரசமட்டத்தோடு கூட்டிவந்தேன். அவர் மட்டக் கட்டையை மெஷின் முதுகில் வைத்தார். குமிழி நட்ட நடுவில் நின்றது. பிறகு தரையில் வைத்தார், குமிழி ஓரத்துக்கு ஓடியது. சுவரில் வைத்தார், அங்கேயும் ஓடியது. எல்லோரும் கொத்தனாரையே பார்த்தோம். ஏனென்றால் எட்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் வீட்டைக் கட்டியவரே அவர்தான். குமிழியைப் பார்த்தபடியே அவர் சொன்னார்: "நான் மட்டமாத்தான் கெட்டுனேன் அண்ணாச்சி. கரிசல் மண்ணு வெயிலுக்கு வெடிக்கும், மழைக்கு உப்பும். அது வருசா வருசம் பொரண்டு படுக்குது. அதுக்கு நான் என்ன செய்ய?" மெஷின் நேராக இருக்கிறது, வீடுதான் சாய்ந்திருக்கிறது என்பது அறிவியல்படி நிரூபணமானதில் எனக்கு ஒரே மகிழ்ச்சி, அப்பாவுக்கு அவ்வளவு இல்லை. கடைசியில், வீட்டை நிமிர்த்த முடியாது, படத்தைச் சாய்த்துவிடலாம் என்று முடிவு செய்து மூன்று தீப்பெட்டி வைத்தோம். சுவரில் உத்தரத்திலிருந்து தரைவரை ஓடும் வெடிப்பைக் கொத்தனார் தன் செலவில் பூசி வெள்ளையும் அடித்துக் கொடுத்தார். நாங்கள் கேட்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும்போது பத்தொன்பது பேர் வந்தார்கள். பெருமாள்சாமி பெரியப்பாவும் வந்து, அவரே கொண்டுவந்த நாற்காலியைப் போட்டு நடுவில் உட்கார்ந்தார். நான் கூட்டத்தின் முன்னால் நின்று லூமன் பற்றி இரண்டு வார்த்தை சொன்னேன். அம்மா அடுப்படியில் சூடம் காட்டி முடித்ததும் அப்பா விளக்கை அணைத்தார், நான் பொத்தானை அழுத்தினேன். சுவர் முழுக்கச் சிவப்பாக ஒரு புகைமூட்டம் வந்தது. பேச்சு கேட்டது, பாட்டு கேட்டது, ஆள் யாரும் இல்லை. ஃபோகஸைத் திருகினேன், மூட்டம் இன்னும் அழகாகப் பரவியது. அப்பா கடைக்குப் போன் போட்டார். செல்வகணேஷ் அண்ணன் அந்தப் பக்கத்திலிருந்து, உள்ளே ஏதோ போயிருக்கும், நாளைக்குக் கொண்டுவாருங்கள் என்றார். பெரியப்பா எழுந்து நாற்காலியை மடக்கினார். "செரி, எல்லாரும் நம்ம வீட்டுக்கு வாங்க. அங்கன மனுச மூஞ்சி தெரியும்" என்றார். ஆட்கள் எழுந்து வேட்டியைத் தட்டினார்கள். அப்பா வயரைச் சுருட்ட ஆரம்பித்தார்.

மெஷினைத் தூக்கப் போனபோதுதான் பார்த்தேன். லென்ஸின் நட்ட நடுவில், ஒரு ரூபாய் அளவுக்குச் சந்தனம், அதன் மேல் குங்குமம். சூடம் காட்டும்போது அம்மா வைத்தது. புது டிராக்டருக்கு வைப்போம், புது மிக்ஸிக்கு வைப்போம், இதற்கு வைக்காமல் இருக்க முடியுமா? நான் யாருக்கும் தெரியாமல் துடைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அப்பா பின்னாலேயே நின்றார். "ஏ உமா, இதோட கண்ணுலயா பொட்டு வச்ச?" என்று கேட்டார். அம்மா கொஞ்சம்கூட அசரவில்லை. "ஒத்தக் கண்ண வச்சிக்கிட்டு முழிச்சிக்கிட்டு இருக்குது. நெத்தி எங்கன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். பத்தொன்பது பேரும் சிரித்ததில் ஆடுகள் மிரண்டு கத்தின. பெருமாள்சாமி பெரியப்பாவும் சிரித்துவிட்டார், சிரித்ததால் மறுபடி உட்கார வேண்டியதாயிற்று.

என் கண்ணாடித் துணியால் துடைத்தேன். படம் வந்தது மாமா! மனிதர்கள் ஆள் உயரத்துக்கு, இல்லை, அதற்கும் மேலே வந்தார்கள். முதல் அரைமணி நேரம் கிராமம், சண்டை, காதல். பிறகு கதாநாயகனும் கதாநாயகியும் வயலில் நிற்க மழை பெய்தது. நூறு அங்குலத்துக்கு மழை. சுவர் முழுக்கத் தண்ணீர் இறங்கியது. புரட்டாசி முழுக்கக் காய்ந்து, விதையை வீட்டில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஊர் இது. முதலில் பேசியது பெருமாள்சாமி பெரியப்பாதான். "இது ரெண்டு உழவு மழ இருக்கும்" என்றார், மண் நனைகிற ஆழத்தைக் கணக்குப் போட்டு. கொத்தனார், மூன்று உழவு என்றார். "அந்தப் பய பயிர மிதிச்சுக்கிட்டே ஆட்டம் போடுதான், சொல்ல ஆளில்லையா?" என்று பின்னாலிருந்து ஒரு அத்தை வருத்தப்பட்டார். பாட்டு முடிந்ததும் பெரியப்பா என் பக்கம் திரும்பி, அவர் வீட்டில் ரிமோட்டை யாரிடமும் தராதவர், மெதுவாகக் கேட்டார்: "ஏட்டி வள்ளி, அந்த மழைய இன்னொரு தடவ போடுதியா?" போட்டேன். ஐந்து தடவை போட்டேன். கதை என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியாது, யாரும் கேட்கவும் இல்லை. எல்லோரும் போன பிறகு அம்மா அரிசி டிரம்மைத் துணியால் துடைத்து, மெஷினுக்கு ஒரு கைக்குட்டை போர்த்தி, "தம்பிக்கு எழுதிரு, டிவி வேண்டாம்னு" என்றாள்.

ஆகவே டிவியை நிறுத்தும்படி மறுபடியும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அதற்குப் பதிலாக நீங்களே வந்தால் போதும், நடுவில் நாற்காலி உங்களுக்குத்தான். அம்மா காலையும் மாலையும் உங்கள் பெயரைச் சொல்லி விளக்கேற்றுகிறாள். அப்பா தன் அன்பைத் தெரிவிக்கச் சொன்னார், ஆடுகளின் சார்பாகவும் சேர்த்து. குளிரில் காதை மூடிக்கொள்ளவும்.

தங்கள் பாசமுள்ள அக்காள் மகள்,
வள்ளிமயில்.

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தைத் தபாலில் போட முடியவில்லை. திங்கட்கிழமை இரவே மழை பிடித்துக்கொண்டது, மூன்று நாள் விடவில்லை. உண்மையான மழை, கொத்தனார் சொன்ன மூன்று உழவு. ஊரே விதைத்துக்கொண்டிருக்கிறது, சந்தோஷத்தை எழுத இடமில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் மழை காட்டியதால்தான் திங்கட்கிழமை பெய்தது என்று பெருமாள்சாமி பெரியப்பா டீக்கடையில் சொல்லிவிட்டார். வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று நான் செய்தித்தாளைக் காட்டினேன். "அது எதுக்குத் தாழ்ந்துச்சு?" என்று கேட்கிறார்கள். மழை விழாத பக்கத்து ஊர்க்காரர்கள் வியாழக்கிழமை தாம்பூலத் தட்டோடு வந்து மெஷினைக் கேட்டார்கள். தட்டோடு வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று அம்மாவே எடுத்துக் கொடுத்துவிட்டாள். இந்த முறை பொட்டை அதன் முதுகில் வைத்தாள். அங்கிருந்து அது ஓட்டப்பிடாரம் பக்கம் போயிருக்கிறது, அடுத்து மணியாச்சி பக்கம் இரண்டு ஊர் சொல்லி வைத்திருக்கிறார்கள், தை வரைக்கும் நாள் காலி இல்லை. எனவே மேலே எழுதிய அனைத்தையும் தள்ளிவிட்டு, மாமா, அந்த கேன்டீன் டிவியைக் கட்டாயம் வாங்கி வரவும். படம் எப்படி இருந்தாலும் சரி. நாலு பேர் சேர்ந்தாலும் தூக்க முடியாததாகப் பார்த்து வாங்கவும்.