அஞ்சுக்கு அஞ்சு வாங்கிய அய்யா

உலகத்தில் எதையும் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் அடக்கிவிடலாம் என்று மனதார நம்பிய ஒரே ஆத்மா, ராமநாதபுரத்தில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த ‘அஞ்சு மார்க்’ மேடம்தான். கோயம்புத்தூர்க்காரர். பதின்வயதுப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் எப்படி ஒத்துப்போகிறது என்று மனோதத்துவ ஆராய்ச்சி செய்ய வந்தவர். பெயர் என்னவோ நல்ல பெயர்தான். தெருவில் ஒருவர் வாயிலும் அது நுழையவில்லை.

மீன்காரம்மா கூடையை இறக்கினால், "ஏனுங்க, இன்னைக்கு உங்க மனசு ஒண்ணுலிருந்து அஞ்சுக்குள்ள எவ்வளவுங்க?" என்பார். "மனசு கெடக்கட்டும், சூடை மீனு வேணுமா வேணாமா?" என்று அந்தம்மா எகிறினால், ‘எரிச்சல் – நாலு’ என்று நோட்டில் குறித்துக்கொள்வார். என் மனைவி கொடுத்தனுப்பிய குழம்புக்கு மூன்று போட்டுவிட்டு, மறுநாளும் கிண்ணத்தோடு வந்து நிற்கிற தைரியம் அவருக்கு மட்டும்தான் உண்டு.

வந்த புதிதில் கேள்வித்தாளை என்னிடம் காட்டினார். எல்லா இடத்திலும் ‘அப்பா’. நான் சும்மா இருந்திருக்கலாம். "எங்க பக்கம் அப்பாவ அய்யான்னுல்ல சொல்லுவோம்" என்று பெருமையாக எடுத்துவிட்டேன். அவ்வளவுதான், அத்தனை அப்பாவையும் அடித்து அய்யாவாக்கி அச்சடித்துவிட்டார்.

அப்போது என் வீட்டில் நிலைமை சரியில்லை. பத்தாவது படிக்கும் மகள் தர்ஷினி என்னோடு பேசிப் பத்து நாள் ஆகியிருந்தது. சாயல்குடியில் நடந்த அவளுடைய வாலிபால் மேட்சுக்கு நான் வரவில்லை என்பது அவள் கட்சி. வந்தேன் என்பது என் கட்சி. "அம்மா, அவுகள தட்ட எடுக்கச் சொல்லு" என்று என்னை எதிரில் வைத்துக்கொண்டே தூது போகும். வெளியே முறைத்துக்கொண்டு திரிந்தாலும் உள்ளுக்குள் நொறுங்கிப் போயிருந்தேன்.

ஆராய்ச்சி முடிவு வந்தது. யார் என்ன எழுதினார்கள் என்று மேடம் மூச்சுவிட மாட்டார். ஆனால், "இந்தத் தெருப் பிள்ளைங்க அத்தனை பேரும் அய்யாவுக்கு அஞ்சுக்கு அஞ்சு போட்டிருக்காங்க" என்று மட்டும் சொன்னார். அத்தனை பேர் என்றால் தர்ஷினியும்தானே! அன்றைக்கு எங்கள் தெரு அப்பாக்கள் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். நான் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு ரேஷன் கடைக்குப் போனேன்.

சாயங்காலம் மேடம் கன்னத்தில் கைவைத்தபடி இறங்கி வந்தார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. உங்களுக்குப் பல்செட்டுங்களா?"

"ஏன் மேடம்?"

"அய்யா உங்ககிட்ட அதிகமா எதைப் பத்திப் பேசுவாருன்னு கேட்டிருந்தேனுங்க. பாதிப் பேர் ‘பல்செட்டக் காணோம்’னு எழுதியிருக்காங்க. இந்தத் தெருவுல இவ்வளவு அப்பாக்களுக்கா பல் இல்லை?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அப்பாவை அய்யா என்று கூப்பிட்டது எங்கள் தலைமுறை. நாங்கள் கூப்பிடுவதைக் கேட்டு, எங்கள் பிள்ளைகள் தாத்தாவை அய்யா என்கிறார்கள். நாங்கள் வெறும் அப்பா. நான் நெஞ்சை நிமிர்த்திய அஞ்சு மார்க்கை, என் அய்யா அலுங்காமல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மேடம் அழவில்லை, என்னைத் திட்டவுமில்லை. எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பித்தார். இம்முறை ஞாபகத்தைப் பற்றியும் ஒரு பகுதி: ஒரே நாளை அப்பாவும் பிள்ளையும் தனித்தனியாக எழுத வேண்டும். நான் வீம்பாக அந்த வாலிபால் மேட்சை எழுதினேன். மேடம் பென்சிலோடு எதிரில் உட்கார்ந்தார்.

"எந்தப் பக்கம் உட்கார்ந்தீங்க?"

"நின்னுக்கிட்டுத்தான் பாத்தேன்."

"பாப்பா சட்டை என்ன கலருங்க?"

யோசித்துப் பார்த்தேன். மைதானத்துக்கு வெளியே வேப்பமரம் ஞாபகம் வந்தது. காதில் போன் ஞாபகம் வந்தது. மேட்ச் மட்டும் வரவே இல்லை. ஒரு மாதமாகச் சத்தியம் செய்து செய்து, பார்க்காத மேட்சைப் பார்த்ததாக நானே நம்பியிருக்கிறேன். மேடம் எதையும் குறித்துக்கொள்ளவில்லை. "பாப்பாகிட்டச் சொல்லிருங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு மாடியேறினார்.

தர்ஷினி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நா உள்ள வரல தாயி. மைதானத்துக் கேட்டுக்கிட்ட போன் பேசிக்கிட்டு நின்னுட்டேன்."

"தெரியும்ப்பா" என்றாள், ஒரு மாதத்துக்குப் பிறகு நேராக என்னிடம். "உங்க வண்டியப் பாத்தேன். உள்ள வாரீகளான்னு கேட்டையே பாத்துக்கிட்டு இருந்தேனா, கடைசிப் பந்த விட்டுட்டேன்."

நான் அழுதுவிட்டேன். அவளும்தான்.

மேடம் ஆராய்ச்சியை முடித்துக்கொண்டு கோயம்புத்தூருக்கே போய்விட்டார். மாடி போர்ஷனைக் கேட்டு வாரத்துக்கு ஒருவராவது வருகிறார்கள். "ஆள் வந்தாச்சுங்க" என்று தர்ஷினி பொய் சொல்லி அனுப்புகிறாள். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டுகிறேன்.