மைக்குக்குள் மழை

கோபம் வந்தால் சிலர் தட்டை எறிவார்கள். சிலர் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவார்கள். நான் பொருளை விற்றுவிடுவேன், அதுவும் அடிமாட்டு விலைக்கு. வயர், அடாப்டர், சவுண்ட் கார்டு, கடைசியில் ஒரு அருமையான மைக் என்று என் ஸ்டுடியோவைத் துண்டு துண்டாக விற்றுத் தீர்த்தவன் நான். (ஸ்டுடியோ என்று நான் மட்டும்தான் சொல்லுவேன். வீட்டில் மற்றவர்களுக்கு அது கேழ்வரகு மூட்டை போடும் ரூம்.) நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. நான் உரக்கடையில் கணக்கு எழுதுகிறேன். மனைவி கவிதா மல்பெரி போட்டு, வீட்டை ஒட்டின கொட்டகையில் பட்டுப்புழு வளர்க்கிறாள். அந்தக் கொட்டகைக்குள் எனக்கு அனுமதி கிடையாது. நான் சென்ட் போடுகிற ஆள். "அந்த வாடை பட்டா புழு செத்துடும், வாசல்லயே நில்லுங்க" என்று சொல்லிவிட்டாள். நானும் நல்லதாகப் போயிற்று என்று இருந்துவிட்டேன். உள்ளே போனால் இலை பறிக்கச் சொல்லுவாளே!

எனக்குப் பாட்டுப் பைத்தியம். மெட்டுப் போடுவேன், கவிதா பாடுவாள். அவள் குரல் அப்படி. பள்ளிக்கூடத்தில் பாடிப் பரிசு வாங்கினவள், கல்யாணத்துக்குப் பிறகு அடுப்படியில்தான் பாடிக்கொண்டிருந்தாள். அவள் தம்பி சரவணனுக்குப் பெண் பார்த்து முடிந்தபோது, அவளே நாலு வரி எழுதிக்கொண்டு வந்து நின்றாள்.

"அவன இடுப்புல தூக்கிச் சொமந்தவ நானு. அவங்க ரெண்டு பேரும் மேடைக்கு வரும்போது எம் பாட்டுதான் ஓடணும். பண்ணிக் குடுக்கறீங்களா?"

"இதென்ன பெரிய விஷயம்?" என்றேன். அதோடு விட்டேனா? மாமனார் வீட்டில் இருபது பேர் முன்னால், "வேற எந்தப் பாட்டும் போட வேணாம், நான் பாத்துக்கறேன்" என்று சவடால் வேறு.

வீட்டில் பாட்டைப் பதிவு செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், இந்த உலகம் எவ்வளவு சத்தமாக இருக்கிறது என்று. நான் மைக்கைத் தொட்டதும் போர் மோட்டார் ஓடும். பக்கத்து வீட்டில் மிக்ஸி கத்தும். "பழைய இரும்பு, ஈயம், பித்தளை" என்று ஒலிபெருக்கி கட்டின ஆட்டோ எங்கள் வாசலில்தான் நிற்கும். எதிர்வீட்டுச் சேவலுக்காக நான் சண்டைக்கே போனேன். அந்தம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "சேவல்னா கூவத்தான் செய்யும். உன்னாட்டம் வூட்டுக்குள்ள உக்காந்து பாட்டா பாடும்?" என்றாள். தெருவே சிரித்தது.

கடைசியில் ஒரு நேரத்தைக் கண்டுபிடித்தேன். கவிதா புழுவுக்கு இலை போட்டுவிட்டு வந்து சற்று ஓய்வாக உட்காருவாள். அப்போது வீடே அடங்கியிருக்கும். தெருச் சத்தம் விழாமல் இருக்க மைக்கைக் கொட்டகைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தேன். அந்தச் சுவரில் ஒரு காற்றுத்துளை உண்டு. அதைத் தலையணை வைத்து அடைத்தால், "புழுவுக்குக் காத்து வேணாமா?" என்று அவள் பிடுங்கிப் போட்டுவிடுவாள். போகட்டும், அந்தப் பக்கம் பேசவா போகிறது என்று விட்டுவிட்டேன்.

பதிவு செய்தேன். கேட்டேன். கவிதாவின் குரலுக்கு அடியில் ஒரே சரசரப்பு. தகரக் கூரையில் தூறல் விழுகிற மாதிரி, விடாமல். வெளியே எட்டிப் பார்த்தால் வெயில் மண்டையைப் பிளக்கிறது.

வயர்தான் கோளாறு என்று முடிவு செய்து அதை விற்றேன். வேறு வயர் வந்து சேர்ந்தபோது சத்தம் சுத்தமாக நின்றிருந்தது. எனக்கு ஒரே பெருமை. கவிதாவும் அன்றைக்குத்தான் பட்டுக்கூட்டை மார்க்கெட்டில் போட்டுவிட்டு வந்த சந்தோஷத்தில் இருந்தாள். மறுபடி கொஞ்ச நாளில் சரசர. அடாப்டர் போயிற்று. நின்றது. மறுபடி சரசர. சவுண்ட் கார்டு போயிற்று.

"அப்படி என்னாதான் சத்தம்? அந்த ஹெட்போனக் குடுங்க, நானும் கேக்கறேன்" என்றாள் கவிதா.

"இதெல்லாம் டெக்னிக்கல் சமாசாரம். உனக்குப் புரியாது" என்றேன்.

(இந்த ஒரு வரிக்காகவே என்னைக் கட்டிவைத்து உதைக்கலாம்.)

பழைய பொருள் விற்பது இருக்கிறதே, அது தனி நரகம். விளம்பரம் போட்ட நிமிஷத்திலிருந்து "லாஸ்ட் எவ்ளோ ப்ரோ?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். முதல் விலை என்ன என்றுகூடப் படிக்க மாட்டான், கடைசி விலை வேண்டும் அவனுக்கு! இன்னொருவன் மைக்குக்குப் பதிலாக ஆட்டுக்குட்டி தருகிறேன் என்று போட்டோ அனுப்பினான். ஒருவன் வருகிறேன் என்று சொல்லி என்னை பஸ் ஸ்டாண்டில் காய வைத்துவிட்டு போனை அணைத்துவிட்டான்.

கடைசியில் மைக்கை வாங்க வந்தவன் பாப்பாரப்பட்டி சாமுவேல். சர்ச்சிலும் கல்யாணக் கச்சேரிகளிலும் கீபோர்டு வாசிக்கிற பையன். அப்போதுதான் எனக்கு வேறு மைக் வந்திருந்தது, சத்தமும் நின்றிருந்தது. ஆகக் குற்றவாளி பழைய மைக்தான் என்று நான் தீர்ப்பே எழுதிவிட்டிருந்தேன். சாமுவேல் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வெகுநேரம் கேட்டான்.

"சத்தம் ஒண்ணும் வரலைங்களே அண்ணா."

"வரும்."

"இல்லைங்கண்ணா, சுத்தமா இருக்குதுங்க."

"நான் சொல்றேன், வரும்யா! ஒரு வருஷமா என் உசுர வாங்குது. உனக்கென்ன தெரியும்?"

"நல்ல மைக்குங்கண்ணா இது. நீங்க கேட்ட வெலைக்கே…"

"அந்த வெலைக்கு இது தேறாது! பாதி குடுத்துட்டு எடுத்துட்டுப் போ!"

வாங்க வந்தவன் நல்ல பொருள் என்கிறான். விற்கிறவன் மட்டமான பொருள் என்று மல்லுக்கு நிற்கிறான். இப்படியொரு வியாபாரம் இந்த ஜில்லாவில் அதற்கு முன்னும் நடந்திருக்காது, பின்னும் நடக்காது. பையன் பயந்துபோய் மைக்கை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினான்.

கல்யாண வாரம் வந்தது. புது மைக் முன்னால் கவிதாவை நிறுத்திப் பாட வைத்தேன். சரசர! இந்த முறை தூறல் இல்லை, அடை மழை. மறுபடி பாடு என்றேன். அதுவும் சரசர. மைக்கைப் பார்த்து நான் கத்தின கத்தில் எதிர்வீட்டுச் சேவலே வாயை மூடிக்கொண்டது. கவிதாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. "போதும் வுடுங்க, எல பறிக்கணும்" என்று போய்விட்டாள். கல்யாணத்துக்கு முன்னால் கூடு மார்க்கெட்டுக்குப் போகாது போலிருக்கிறதே என்று அவளுக்கு அவள் கவலை.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. மழை மாதிரிதானே கேட்கிறது, மழை என்றே சொல்லிவிட்டால்? பாட்டின் ஆரம்பத்தில் ஒரு இடியைச் சேர்த்தேன். நடுவில் இன்னொரு இடி. வரிகளில் மழை என்ற சொல்லே கிடையாது. அதனால் என்ன, ரசிகன் புரிந்துகொள்வான்!

மண்டபத்தில் வரவேற்பு. மாமனார் வீட்டுச் சனம் மொத்தமும் மல்பெரி போட்டிருக்கிறவர்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் உள்ளே வந்தார்கள். என் பாட்டு ஆளுயர ஸ்பீக்கர்களில் கிளம்பியது. இடி இடித்தது. ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. கவிதாவின் குரல் எழுந்தது, அதற்கு அடியில் சரசர என்று அடை மழையும் எழுந்தது.

முன்வரிசையில் இருந்த கவிதாவின் பெரியப்பா காதில் கைவைத்துக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு சத்தமாகவே கேட்டார்:

"ஏம்மா கவிதா, புழு கடைசித் தீனியில இருக்குதா?"

"ஆமாங்க பெரிப்பா" என்றாள் அவள், ஒன்றும் புரியாமல்.

"அதான பாத்தேன். நல்லாத் தின்னுதும்மா!"

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "எல பத்தலங்க! அந்தச் சத்தத்தக் கேட்டாத் தெரியல?" இன்னொரு குரல்: "யோவ், இடிய நிறுத்துங்கய்யா! புழு பயந்துக்கப் போவுது!"

மண்டபமே குலுங்கிச் சிரித்தது. இலை போட்ட கையோடு புழுக்களெல்லாம் ஒன்றாகத் தின்கிற சத்தத்தைத்தான் ஒரு வருஷமாக நான் அவ்வளவு பாடுபட்டுப் பதிவு செய்திருக்கிறேன். அவை தின்கிற நேரமாகப் பார்த்து, அவை இருக்கிற பக்கமாகத் திருப்பி வைத்து! அங்கிருந்த சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரிந்த சத்தம். கொட்டகை வாசலைத் தாண்டாத எனக்கு மட்டும் தெரியவில்லை.

கவிதா என்னைப் பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை. அவள் பாட்டை ஒருவரும் கேட்கவில்லை, புழுவைத்தான் கேட்டார்கள். தம்பி அவள் வரிகளுக்குக் காது கொடுக்கப் பார்க்கிறான், சிரிப்பில் ஒன்றும் விழவில்லை. அவள் கண் கலங்கினதைப் பார்த்ததும் எனக்கு வந்ததே ஒரு கோபம்! ஓடிப்போய் பாட்டை நிறுத்த ஒரு வயரைப் பிடித்து இழுத்தேன். மேடை விளக்கெல்லாம் அணைந்தது. பாட்டு மட்டும் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது, இரண்டாவது இடியோடு.

யாரோ வந்து ஒருவழியாக நிறுத்தினார்கள். விளக்கு வந்தபோது கச்சேரிக்காரர்கள் நடுவில் கீபோர்டோடு நின்றவன் பாப்பாரப்பட்டி சாமுவேல்.

"அண்ணா, மெட்டப் புடிச்சிட்டேங்க. அக்காவ நேரா பாடச் சொல்லுங்க, நான் வாசிக்கறேன்."

கட்டின தொண்டையோடுதான் கவிதா பாடினாள். இரண்டாவது வரியிலேயே மண்டபம் அடங்கிவிட்டது. மூன்றாவது வரியில் சரவணன் மாலையோடு குனிந்து கண்ணைத் துடைத்தான். மாமியார் எழுந்து நின்று கேட்டார். நான் பிடுங்கின வயரைக் கையில் வைத்துக்கொண்டு தூண் ஓரமாக நின்றேன். இதற்கு ஒரு வயரும் வேண்டியிருக்கவில்லை.

சாப்பாட்டுப் பந்தியில் சாமுவேல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "நீங்க குடுத்த மைக்குங்கண்ணா… ஊசி விழுந்தாக் கேக்குதுங்க. கடவுள் உங்கள நல்லா வெச்சிருக்கணும்." அந்தப் பாயசம் எனக்கு இறங்கவே இல்லை.

இப்போது சென்ட் போடுவதை விட்டுவிட்டேன். இலை பறிக்கிறேன். மாமனார் வீட்டுக்குப் போனால், சாப்பிடக் கூப்பிடும்போதுகூட, "மாப்ளைக்கு எல போட்டாச்சு, தின்ற சத்தத்த யாராச்சும் ரெக்கார்டு பண்ணுங்க" என்கிறார்கள். சரவணனின் மகளுக்கு இப்போதுதான் பேச்சு வருகிறது. அவளும் என்னைக் கண்டால் "சரசர மாமா" என்கிறாள். வாயில் பல் முளைப்பதற்கு முன் நக்கல் முளைத்துவிட்டது!

அந்த இரண்டாவது மைக்கைப் போன வாரம் விற்பனைக்குப் போட்டேன். ஒருவன் போன் செய்தான். ஸ்பீக்கரில் போட்டுப் பேசினேன். "லாஸ்ட் எவ்ளோ?" என்று கேட்டான். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். "மைக்குல ஏதாச்சும் கொறை இருக்குதுங்களா?" என்று கேட்டான்.

நான் வாயைத் திறப்பதற்குள் கொட்டகையிலிருந்து கவிதாவின் குரல் கணீரென்று வந்தது.

"மைக்குல ஒரு கொறையும் இல்லைங்க!"