டிராகனுக்கு முட்டி வலி

புயல் நிறுத்தாத கப்பலைக்கூட டிராகன் தீதி நிறுத்தியிருக்கிறார். அந்தமானில் ஹேவ்லாக் தீவு ஜெட்டியில் டிக்கெட் கவுண்டர் அவருடையது; தீதி என்றால் ஹிந்தியில் அக்கா. போர்ட் பிளேர் போகிற கப்பல் ஹார்ன் அடித்துக்கொண்டே இருக்கும். ஐம்பது பேர் வரிசையில் நின்று வெயிலில் வதங்குவோம். உள்ளே தீதி நாவலிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு விரலை உயர்த்துவார். அத்தியாயம் முடியட்டும் என்று அர்த்தம். கேப்டனும் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார்.

ராமநாதபுரத்துக் குடும்பம், பிறந்து வளர்ந்ததெல்லாம் தீவில்தான். வயது ஐம்பத்தேழு. படிப்பதோ, பதினாறு வயதுப் பெண்கள் டிராகன் மேல் ஏறிப் பறக்கிற இங்கிலீஷ் நாவல்கள். டூரிஸ்டுகள் ரிசார்ட்டில் விட்டுப் போவதை அங்கே ரூம் பெருக்கும் பெண்கள் கொண்டுவந்து சேர்ப்பார்கள். பக்கத்திலேயே ஒரு குண்டு டிக்ஷனரி இருக்கும். இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்று ஒருமுறை கேட்டுத் தொலைத்தேன். "பதினாறு வயசுல எனக்குக் கல்யாணம் பண்ணிட்டாங்க தம்பி. டிராகன் எல்லாம் யாரு காட்டினா?" என்றார்.

நான் அங்கே ஒரு அரசு அலுவலகத்தில் கிளார்க். குடும்பம் போர்ட் பிளேரில். சனிக்கிழமை போய்த் திங்கட்கிழமை திரும்புகிற பிழைப்பு. கப்பலுக்கும் கையெழுத்துக்கும் நெட்வொர்க்குக்கும் காத்திருந்தே பாதி ஆயுசு போய்விட்டது. கதை கேட்கிற தெம்பெல்லாம் எனக்குக் கிடையாது. ஆனால் தீதி விட வேண்டுமே.

ஒருமுறை கடல் கொந்தளித்து மூன்று நாள் கப்பல் ரத்து. ஜெட்டியில் மாட்டிக்கொண்ட கூட்டம் கவுண்டரைப் பெயர்த்துவிடும் போலிருந்தது. தீதி ஸ்டூலை வெளியே போட்டு உட்கார்ந்து, முதல் பாகத்திலிருந்து ஹிந்தியில் ஆரம்பித்துவிட்டார். நான்காம் நாள் கப்பல் வந்தது. பாக்கு மூட்டையோடு வந்திருந்த பெங்காலி அண்ணன் ஒருவர், தாதா என்று கூப்பிடுவோம், ஏற மறுத்து, "ஃபிர் க்யா ஹுவா, தீதி?" அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டு நின்றார். மூட்டை மட்டும் ஊர் போய்ச் சேர்ந்தது.

அந்தக் கதையில் ஒரு கிழட்டு டிராகன் உண்டு. அதற்கு முட்டி வலி. பறந்து இறங்கினால் நொண்டும், நாளெல்லாம் முணுமுணுக்கும். தீதியின் வீட்டுக்காரரும் அப்படித்தான். கப்பலில் கயிறு கட்டுகிற லஸ்கர் வேலை, முட்டி வலி, முணுமுணுப்பு. அவர் போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நான்கு மாதமும் தீதி பக்கத்தில் உட்கார்ந்து நான்கு பாகத்தையும் படித்துச் சொல்லியிருக்கிறார். பிறகு அவர் போய்விட்டார். நாலாம் பாகக் கடைசியில் டிராகன் அடிபட்டுக் கிடந்தது. அஞ்சாம் பாகத்தை எந்த டூரிஸ்டும் விட்டுப் போகவில்லை. ஆன்லைனில் தேடினால் தீவுக்கு டெலிவரி இல்லை என்றது.

மெயின்லேண்ட் போகிறேன் என்று வாய்தவறிச் சொன்னால் இங்கே ஆளாளுக்கு லிஸ்ட் நீட்டுவார்கள். முருங்கைக்காய் முதல் மிக்ஸி ஜார் வரை நான் சுமந்திருக்கிறேன். போன வருடம் சென்னை போனபோது தீதியின் லிஸ்டில் ஒரே வரி, அஞ்சாம் பாகம். வாங்கிவிட்டேன். அடுத்தவர் சாமானைப் பிரிக்கக் கூடாது என்பது தீவில் எழுதாத சட்டம். ஆனால் திரும்பும் கப்பலில் மூன்று நாள் போனும் இல்லை, தூக்கமும் இல்லை. இரண்டாம் நாள் பிரித்தேன். சாயங்காலம் டிராகன் செத்துப்போனது. டெக்கில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன். பக்கத்தில் இருந்தவர் எலுமிச்சம்பழம் கொடுத்தார். வாந்தி என்று நினைத்துவிட்டார், பாவம்.

கவுண்டரில் நீட்டியதும் தீதி மடங்கிய ஓரத்தைப் பார்த்துவிட்டார். கோபப்படவில்லை.

"படிச்சிட்டீங்கல்ல. அது உசுரோட இருக்கா? இல்லேன்னா புத்தகமே வேணாம், நீங்களே வெச்சுக்குங்க. இன்னொரு தடவ என்னால முடியாது."

உண்மையைச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. "இருக்கு தீதி, நல்லா இருக்கு," என்றேன். பின்னால் வரிசையில் நின்ற பாக்கு மூட்டை தாதாவும் விஷயம் புரிந்து சந்தோஷத்தில் கை தட்டினார்.

அடுத்த சனிக்கிழமை வேண்டுமென்றே வரிசையில் கடைசியாக நின்றேன். எல்லோருக்கும் டிக்கெட் கொடுத்துவிட்டு, என் முறை வந்ததும் தீதி கவுண்டர் ஷட்டரை இறக்கிப் பூட்டினார். பக்கத்துக் கதவு வழியாக வந்து பெஞ்சில் என்னருகே உட்கார்ந்தார்.

"பொய் சொல்லிட்டீங்களே தம்பி."

"ஆமா தீதி. தப்புதான்."

"அவரு போனப்ப நான் அழவே இல்ல. சர்ட்டிபிகேட், கையெழுத்து, பாடி கொண்டுவர கப்பல்னு ஓடிட்டே இருந்தேன். அப்புறம் டூட்டி ஆரம்பிச்சிடுச்சு." புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, வாயை முந்தானையால் பொத்தி, குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தார்.

கப்பல் ஹார்ன் அடித்தது. யாரும் அதை நிறுத்தவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை. எனக்கும் அந்த டிராகன் மேல் கொஞ்சம் பாக்கி இருந்தது, அதையும் அழுது தீர்த்தேன்.

மறுநாள் வீட்டுக்குப் போனதும், நேற்று ஏன் வரவில்லை என்று மனைவி கேட்டாள். நெருங்கின இடத்தில் ஒரு சாவு, போகாமல் இருக்க முடியவில்லை என்றேன்.