0.80-க்கு மேல் மரம்

2019 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை காலை 9.10 மணிக்கு, மலேசியாவின் பகாங் மாநிலம் பாயா தெரெந்தாங் கூட்டுறவுச் சங்க அலுவலகத்தின் முன்னால் நிற்கும் செம்பனை (எண்ணெய்ப் பனை) மரம் டிரோன் மூலம் மேலிருந்து படம் பிடிக்கப்பட்டது.

மனித குலம் அதுவரை மரத்தைக் கீழிருந்தே பார்த்து வந்தது. அந்த அறியாமை அன்று 9.11-க்கு முடிவுக்கு வந்தது. சங்கத்தின் கூட்டக் குறிப்பு எழுதுபவன் என்ற முறையில் நான் பக்கத்திலேயே இருந்தேன். எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். சிலருக்குக் கழுத்து வலித்தது.

கோலாலம்பூரிலிருந்து வந்திருந்த பொறியாளர் ஃபூங் அந்த ஒரு மரத்தின் தலையை மட்டும் படத்திலிருந்து சதுரமாக வெட்டி எடுத்தார். அதற்கு ‘அச்சு’ என்று பெயர். பிறகு எங்கள் நிலம் முழுவதையும் படம் பிடித்து அந்த முதல் படத்தோடு ஒட்டினார். கணினி அந்த அச்சைப் பெரிய படத்தின்மேல் இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக, ஒரு புள்ளி விடாமல் நகர்த்திக்கொண்டே போகும். ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மதிப்பெண் போடும். அப்படியே பொருந்தினால் ஒன்று. 0.80-க்கு மேல் வாங்கியது மரம். கீழே வாங்கியது மரமல்ல. எத்தனை மரமோ அத்தனைக்கு உரம்.

அச்சுக்கு எந்த மரம் என்பதில் மேலாளர் என்சிக் (‘திரு’) ஸுல்கர்னைனுக்குச் சந்தேகமே எழவில்லை. வருகிற அதிகாரிகள் எல்லோரும் படம் எடுத்துக்கொள்ளும் மரம் அது. வாரம் ஒருமுறை உரமும் தினம் இருமுறை தண்ணீரும் பெறுவது. விருந்தினர் வரும் நாளில் ஓலையைக்கூடத் துடைத்து வைப்போம்.

முடிவுகள் வெளியான மறுநாள் காலை, நாங்கள் மக் சிக் (அத்தை) என்று மரியாதையாக அழைக்கும் சபரியா வந்தார். நான்கு ஹெக்டேரில் ஐந்நூற்று நாற்பது மரம் வைத்திருப்பவர். அதாவது, அப்படி நம்பிக்கொண்டிருந்தவர். அவருக்கு அரை மூட்டை உரம் ஒதுக்கப்பட்டிருந்தது.

“உங்க நிலத்துல பதினோரு மரம்தான் இருக்கு மக் சிக்” என்றார் மேலாளர், துக்கம் விசாரிக்கும் குரலில்.

“அப்ப மத்ததெல்லாம் என்னா? கீரையா?”

“அத கணினி சொல்லல. மரம் இல்லன்னு மட்டும்தான் சொல்லியிருக்கு.”

ஃபூங் கண்ணியமான இளைஞர். கணினியை மக் சிக் பக்கம் திருப்பினார். “இல்ல மக் சிக், உங்களோடதும் மரம்தான். ஆனா 0.63 மரம்.”

“0.63-ன்னா? இடுப்பு வரைக்குமா தம்பி?”

“ஓலை குட்டையா இருக்கு, மஞ்சளா இருக்கு. அச்சுல இருக்கிற மரம் மாதிரி இல்ல.”

“உரம் பத்தல, அதான் மஞ்சளாயிருச்சு. ரெண்டு வருசமா பாதிதானே குடுக்கிறீங்க!”

“சரிதான். உரம் இல்லாததால மரமா தெரியல. மரமா தெரியாததால உரம் இல்ல.”

“பாத்தீங்களா!” என்று மேலாளர் எங்கள் பக்கம் திரும்பினார். “எவ்வளவு ஒழுங்கா சுத்தி வருது! மனுசன் போட்ட திட்டம் எதுலயாவது இந்த ஒழுங்கு உண்டா?”

மக் சிக் கணினித் திரையில் விரலை வைத்தார். “இது என்னா? உங்க ஆபீஸ் வாசல் நீரூற்றுதானே? இதுமேல ஏன் பச்சை வட்டம்?”

திரையில் பார்த்தபோது தண்ணீர் நாலாபுறமும் ஓலைபோல் வளைந்து விழுந்துகொண்டிருந்தது.

“0.84” என்றார் ஃபூங், மெதுவாக.

“தண்ணி மரமாம். என் மரம் மரமில்லையாம்! வண்டியில ஏறுங்க. காமணி நேரம். நானே ஒவ்வொண்ணா தொட்டுக் காட்டுறேன்.”

“தொட்டுப் பாக்கிறதெல்லாம் பழைய முறை மக் சிக்” என்றார் மேலாளர். “அதுல தப்பு வரும்.”

நீரூற்றின் பங்கான இரண்டு கிலோ உரத்தை அன்று மாலையே தோட்டக்காரர் தண்ணீரில் கொட்டினார். விதி விதிதான்.

ஆனாலும் சங்கம் இரக்கமற்றதல்ல. ஏப்ரல் கூட்டத்தில் இந்தப் பிரச்சினை இரண்டு மணி நேரமும் மூன்று தட்டு வாழைப்பழ பஜ்ஜியும் எடுத்துக்கொண்டது. மக் சிக்கையும் அழைத்திருந்தோம். அவருடைய மரம் ஒன்றிலிருந்தும் இன்னோர் அச்சு வெட்டிக்கொள்ளலாம் என்றார் ஃபூங்.

“மஞ்ச மரத்தையா?” மேலாளர் பதறினார். “எல்லா மரமும் செழிப்பா இருக்குன்னு ஆண்டறிக்கை போயாச்சு. பசியில கெடக்கிற மரத்த மாதிரியா வச்சா என்ன அர்த்தம்?”

“பசியில கெடக்குன்னு அர்த்தம்” என்றார் மக் சிக்.

இது கூட்டக் குறிப்பில் சேர்க்கப்படவில்லை.

ஃபூங் எல்லையை 0.60-க்கு இறக்கிக் காட்டினார். மக் சிக்கின் ஐந்நூற்று நாற்பதும் திரையில் வந்துவிட்டன. அவர் எழுந்தே நின்றுவிட்டார். கூடவே ஏழு வாழைப் புதர்களும், மீ கோரெங் நூடுல்ஸ் கடையின் விரித்த குடையும் வந்தன.

“குடை!” என்றார் மேலாளர். “தலைமையகத்துக்கு நான் குடைக் கணக்கு அனுப்பணுமா? எந்த எண்ணுல வச்சா ஒரு தப்புகூட வராது?”

“ஒண்ணுல வச்சா வராது. ஆனா அப்ப அச்சு வெட்டுன அந்த ஒரு மரம் மட்டும்தான் கிடைக்கும் என்சிக். வேற எந்த மரமும் அப்படியே பொருந்தாது.”

“அது மரம்தானே?”

“மரம்தான்.”

“அதுல சந்தேகம் இல்லையே?”

“இல்ல, ஆனா...”

“அதையே வைங்க.”

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. மக் சிக்குக்கு வாக்கு இல்லை. பதினோரு மரத்துக்கெல்லாம் வாக்கு கிடையாது. தலைமையகத்துக்குப் போன அறிக்கையில் ‘தவறான கண்டறிதல்: பூஜ்யம்’ என்று எழுதினோம். மாநில அளவில் பாராட்டுச் சான்றிதழ் வந்தது. கண்ணாடி போட்டு மாட்டினோம்.

அந்தக் காலாண்டுக்கு வந்த அறுநூறு மூட்டை உரமும் திட்டத்தின் ஒரே மரத்தின் பெயரில் ஒதுக்கப்பட்டது. மரத்தால் கையெழுத்திட முடியாது என்பதால் அதன் சார்பில் என்சிக் ஸுல்கர்னைன் பெற்றுக்கொண்டார்.

மக் சிக் சபரியாவின் நிலம் பதிவேட்டில் ‘காலி’ என்று மாற்றப்பட்டது. ஜூன் 11 அன்று அந்தக் காலி நிலத்திலிருந்து இரண்டு டன் செம்பனைக் குலை எங்கள் ஆலைக்கு வந்தது. இறக்கிக்கொண்டோம். எடை சரியாக இருந்தது.