எல்லாம் ஆறாம் பாகத்தில் இருக்கிறது

உலகத்தில் எது நடந்தாலும் அது தாம் படித்த கதையில் ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது என்று சொல்லும் மனிதர்கள் சிலர் உண்டு. ஒப்புமைக்காரர்கள் என்று அவர்களுக்குப் பெயர் வைத்துக்கொள்வோம். பயப்படாதீர்கள், கடிக்க மாட்டார்கள். உங்களுக்குப் பல்வலி என்றால் அவருடைய கதையில் ஒரு தளபதிக்குப் பல்வலி வந்திருக்கும்; உங்கள் வீட்டுக் கூரை ஒழுகினால் அங்கே ஒரு கோட்டையே ஒழுகியிருக்கும். ஆறுதல் சொல்வதாகத்தான் அவர் நினைத்துக்கொண்டிருப்பார். நீங்கள் இன்னும் வாயைப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருப்பீர்கள்.

அயர்லாந்தில் கால்வே நகரத்து லோர்கன் ஹெனகன் இந்த இனத்தில் முதல் தரம். நாற்பத்தாறு வயது, தெருவிளக்குகளைப் பராமரிக்கும் வேலை, சாந்தமான முகம். ‘இஸ்காரன்’ என்ற ஒன்பது பாக மாயக்கதையைப் பதினான்கு முறை படித்தவர். அவருடைய அக்காவுக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்தபோது, ஆணா பெண்ணா, தாய் நலமா என்றெல்லாம் கேட்காமல், “எது முதல்ல வந்துச்சு? நல்லா குறிச்சு வச்சுக்க. நாலாம் பாகத்துல அரியணைச் சண்டையே இதனாலதான்” என்றவர். அக்கா மூன்று வாரம் பேசவில்லை. அதுவும் இரண்டாம் பாகத்தில் இருக்கிறதாம்.

வியாழக்கிழமைதோறும் ஒரு தேநீர்க் கடையின் மாடியில் இஸ்காரன் ரசிகர்கள் பதினோரு பேர் கூடுவார்கள். அப்படி ஒரு வியாழனன்று, பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கும் டெர்வ்லா சொன்னாள்:

“சனிக்கிழமை பாலஸ்தீன ஆதரவு ஊர்வலம் இருக்கு. தனித்தனியா போறதுக்குப் பதிலா இந்தத் தடவை எல்லாரும் ஒண்ணா போவோமே.”

பதினோரு கைகளும் உயர்ந்தன. அரை நிமிட வேலை. டெர்வ்லா மழைக்கோட்டைக்கூட மாட்டிக்கொண்டுவிட்டாள். அப்போது லோர்கன் தொண்டையைச் செருமினார்.

“போறது சரி. ஆனா பாலஸ்தீனர்கள் இஸ்காரன்ல எந்தக் குலம்? அது தெரியாம எந்தக் கொடியைப் பிடிக்கிறது?”

டெர்வ்லா மழைக்கோட்டைக் கழற்றினாள்.

ஆற்றங்கரைக் குலம் என்றார்கள் நான்கு பேர். மதில்காரர்கள் என்றார்கள் ஐந்து பேர். ஆற்றங்கரைக் குலத்துக்கு ஏழாம் பாகத்தில் துரோகி ஒருவன் உண்டே, அதை ஊர்வலத்தில் யாராவது கேட்டால் என்ன பதில் என்று ஒருவர் கவலைப்பட்டார். இன்னொருவர் சங்கத்திலிருந்து விலகுவதாக அறிவித்து, மழை பெய்ததால் மறுபடி உட்கார்ந்துகொண்டார். ஒரு மணி ஐம்பது நிமிடம் போயிற்று.

“மனுஷங்கப்பா அவங்க,” என்றாள் டெர்வ்லா. “மனுஷங்கன்னு வச்சுக்கயேன்.”

“அந்தக் குலம் கதையில இல்லையே,” என்றார் லோர்கன். வருத்தமாகவே சொன்னார்.

பதாகை எழுதும் பொறுப்பை அவரே ஏற்றுக்கொண்டார். எதையும் விட்டுவிடக் கூடாது என்ற நல்ல எண்ணம் அவருக்கு. நடுவில் இஸ்காரனின் சின்னமான ஒற்றைக்கால் சாம்பல் கொக்கு, அதன் கழுத்தில் பாலஸ்தீனர்களின் கறுப்பு வெள்ளைக் கட்டத் துண்டு, அலகில் ஒலிவக் கிளை, காலடியில் இழந்த வீட்டின் சாவி, ஒரு சிறகில் புறா, மறுசிறகில் அவர்கள் கொடியின் நிறங்களைச் சொல்லும் தர்பூசணித் துண்டு, ஓரத்தில் இடம் மிஞ்சியதே என்று இஸ்காரன் எழுத்தில் ‘விடுதலை’. அந்த எழுத்தை உலகத்தில் பதினோரு பேர்தான் படிப்பார்கள். பதினோரு பேரும் அந்தப் பதாகையின் பின்னால்தான் நடக்கப் போகிறார்கள்.

சனிக்கிழமை நண்பகல். ஐர் சதுக்கத்தில் நல்ல கூட்டம், நல்ல மழை. பதாகையைப் பார்த்த ஒரு பெரியவர், “எங்கப்பா கடை திறக்கிறீங்க?” என்று அன்பாக விசாரித்தார். தர்பூசணி அவருக்குப் பன்றித்தொடையாகத் தெரிந்திருக்கிறது. லோர்கன் அசரவில்லை. ஒரு முனையை டெர்வ்லாவிடம் கொடுத்துவிட்டு, மறுமுனையைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்ல ஆரம்பித்தார்.

பக்கத்தில் நின்றவள் ருவைதா. கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். காஸாவிலிருந்து வந்து ஆறு வருடம் ஆகிறது. அவள் கையில் சாதாரண அட்டை ஒன்று. ‘என் தம்பி நஸீமுக்கு இன்று இருபத்து மூன்று வயது. கான் யூனிஸ், காஸா.’ அவ்வளவுதான். மறுகையில் தொலைபேசி. காலையிலிருந்து அழைக்கிறாள், இணைப்பு கிடைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் திரையைத் துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினாள்.

“அங்க நடக்கிறது புரியணும்னா,” என்றார் லோர்கன் அவளிடம், “நீங்க இஸ்காரன் ஆறாம் பாகம் படிக்கணும். ஊல்தார் கோட்டை முற்றுகை. அப்படியே இதுதான்.”

டெர்வ்லா கண்ணை மூடிக்கொண்டாள்.

“படிச்சிருக்கேன்,” என்றாள் ருவைதா. “அரபியில மூணு தடவை, இங்க வந்து ஒரு தடவை. ஊல்தார் முற்றுகை நாப்பது பக்கத்துல முடிஞ்சுடும் சார். வானத்துல இருந்து குதிரைப்படை வந்துடும். நாங்களும் வானத்தைப் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கோம். வேற என்னென்னவோ வருது.”

லோர்கன் பதாகையின் முனையைத் தாழ்த்தினார்.

“அப்புறம் இன்னொண்ணு,” என்றாள் அவள். “இஸ்காரன் கொக்கு வலது கால்ல நிக்கும். நீங்க இடது கால்ல நிறுத்தி வச்சிருக்கீங்க.”

எது அவரை அதிகம் தைத்தது என்று கேட்காதீர்கள். ஒப்புமைக்காரரும் மனிதர்தான். முதலில் கொக்கு தைத்தது. குதிரைப்படை கொஞ்சம் தாமதித்து, ஆனால் ஆழமாக இறங்கியது. காது மடல்கள் சிவந்துபோய், மழைநீர் மூக்கிலிருந்து சொட்ட, அவர் தம் பதாகையைப் பார்த்தார். சாவி, புறா, கிளை, கொக்கு. அத்தனையிலும் ஒருவருக்கும் பிறந்தநாள் இல்லை.

அந்தச் சமயத்தில் தொலைபேசி மணி அடித்தது.

“பிடிங்க, பிடிங்க!” என்று அட்டையை லோர்கனின் கையில் திணித்தாள் ருவைதா. அவர் பதாகையின் முனையை அப்படியே விட்டுவிட்டு அட்டையை வாங்கிக்கொண்டார். கொக்கு மடங்கி டெர்வ்லாவின் தலையில் விழுந்தது.

ருவைதா அழுதாள், சிரித்தாள், அரபியில் திட்டினாள், வாழ்த்தினாள். நஸீம் நலமாக இருந்தான். மெலிந்திருக்கிறான், மாவு வாங்க வரிசையில் நிற்கிறான், ஆனால் நலம். பிறகு அவள் லோர்கனைப் பார்த்தபடி தம்பியிடம் ஏதோ சொல்லிவிட்டு, ஒலிபெருக்கியைப் போட்டாள்.

“உங்ககிட்ட பேசணுமாம். அவனும் நம்ம ஆளுதான்.”

“சித்தப்பா!” என்றது குரல், இரைச்சலுக்கு நடுவே. “ஆறாம் பாகமா உங்களுக்குப் பிடிக்கும்? இருக்கிறதுலயே மட்டமான பாகம் அது!”

“யாரு சொன்னா?” லோர்கனுக்கு ரத்தம் கொதித்தது. “ஆறாம் பாகத்துலதானே எல்லாமே இருக்கு!”

“ஒண்ணும் இல்ல. குதிரை வருதுன்னு முடிச்சா ஆச்சா? எழுதத் தெரியாம முடிச்சிருக்கான். எட்டு வரைக்கும் படிச்சுட்டேன் சித்தப்பா. ஒன்பது வீட்டோட போயிடுச்சு. படிக்கல.”

“அப்போ ராணி கெல்ரா கடைசில...” என்று ஆரம்பித்தார் லோர்கன்.

“சொல்லாதீங்க!” தொலைபேசி அலறியது. வரிசையில் நின்ற வேறு சிலரும் அந்தப் பக்கம் சிரித்தார்கள். “சொல்லிடாதீங்க! நானே படிப்பேன். படிக்கத்தான் போறேன்.”

இருபது வருடமாக ஒரு முடிவையும் யாரிடமும் சொல்லாமல் விட்டிராத மனிதர், வலது கையால் அட்டையைத் தூக்கிப் பிடித்து, இடது கையால் தம் வாயையே பொத்திக்கொண்டார். “சொல்லல தம்பி, சொல்லல” என்று விரல்களுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. “பிறந்தநாள் வாழ்த்துகள்.” பதிலுக்கு அவன் ஏதோ சொன்னான். பாதியில் இணைப்பு அறுந்தது.

ஊர்வலம் புறப்பட்டது. ருவைதா அட்டைக்காகக் கை நீட்டினாள்.

“கொஞ்ச நேரம் நான் பிடிக்கட்டுமா?” என்றார் லோர்கன்.

ஆற்றங்கரை வளைவு வரைக்கும் பிடித்தார். வழியில் ஏழு பேர் யார் இந்த நஸீம் என்று கேட்டார்கள். “ருவைதாவோட தம்பி. இன்னைக்குப் பிறந்தநாள். மாவு வரிசையில நிக்கிறான். ஆறாம் பாகம் பிடிக்காது, ரசனை கெட்ட பய” என்று ஏழு பேருக்கும் சொன்னார். டெர்வ்லா பின்னால் கொக்கைக் குடையாகப் பிடித்துக்கொண்டு வந்தாள். அதற்கு அது மிகவும் பொருத்தமாக இருந்தது.

அடுத்த வியாழனன்று சங்கத்துக்கு ருவைதாவும் வந்தாள். லோர்கன் குணமாகிவிட்டாரா என்று கேட்கிறீர்களா? இது அப்படியெல்லாம் குணமாகிற நோயா? அன்றைக்குத் தேநீர் ஆறிப்போயிருந்தது. அதற்கு மூன்றாம் பாகத்திலிருந்து மேற்கோள் காட்டினார். ஆனால் நஸீமிடமிருந்து செய்தி இருக்கிறது என்று ருவைதா சொன்னதும் நிறுத்திவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டார். அந்த இனத்தில் இது பெரிய சங்கதி.

போகட்டும். நீங்கள் இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டே படித்தீர்கள். நடுவில் எங்காவது, ‘அடடே, இந்த லோர்கன் அப்படியே நம்ம அவர் மாதிரியே இருக்கிறாரே’ என்று உங்களுக்குத் தோன்றியதா?

தோன்றியதா? சரி, வியாழக்கிழமை வாருங்கள். மாடியில் இன்னும் ஒரு நாற்காலி போடலாம்.