தங்க எழுத்தில் நாபால்

கல்யாணமாகி ஆறு வருஷத்தில் போர்டுக்காரர் கைக்கு வந்த முதல் அதிகாரம், மகனுக்குப் பேர் வைப்பது. ஊரிலுள்ள கடைகளுக்கெல்லாம் பேர் எழுதித் தருகிற மனுஷன், தன் கடைக்கு ஒரு பலகை எழுத நேரமில்லாதவர். இதையும் கோட்டைவிட்டால் அப்புறம் வீட்டில் அவருக்கு என்ன மரியாதை?

மனைவி ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். "வேதத்துல வர்ற பேரு. அர்த்தம் நல்லா இருக்கணும். இல்லைன்னா எங்கப்பா பேருதான், ஈசாக்கு."

அன்றைக்கே பைபிளைப் புரட்டிப் பிடித்துவிட்டார். நாபால்! மூவாயிரம் செம்மறியாடு, ஆயிரம் வெள்ளாடு வைத்திருந்த பெரும் பணக்காரன். இதைவிட வேறென்ன அர்த்தம் வேண்டும்? அதோடு மூடி வைத்துவிட்டு, தொட்டிலுக்கு மேலே மாட்ட ஒரு பலகை அறுத்து, பத்து நாள் உட்கார்ந்து தங்க வர்ணத்தில் எழுதினார். மனைவி பிரஷ் கழுவிக் கொடுத்தாள். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

இன்று பிறப்புப் பதிவுக்குக் கடைசி நாள். நாலு மணிக்குக் கவுன்ட்டரை மூடிவிடுவார்கள். மூன்று ஐம்பதுக்கு குமாஸ்தா பேனாவைத் திறந்தார். "பேரு?"

போர்டுக்காரர் தொண்டையைக் கனைத்தார். மனைவி குழந்தையைத் தோள் மாற்றினாள்.

"ஏங்க, அர்த்தம் பாத்தீங்களா?"

"பாக்காமலா? பணக்காரன்!"

"அது ஆளு. பேருக்கு என்ன அர்த்தம்?"

போர்டுக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். "நீயே சொல்லேன்!"

"எபிரேயத்துல நாபால்னா மூடன். நீங்க ஆடு எண்ணினதோட நிறுத்திட்டீங்க. நான் கடைசி வரைக்கும் படிச்சேன். அந்த ஆளு ஒரு படைத்தலைவனைத் திமிராப் பேசி, அவன் படையே கத்தியோட வீட்டு வாசலுக்கு வரப் பாத்துச்சு. பெண்டாட்டிதான் புருஷன்கிட்ட சொல்லாமப் போய்க் கெஞ்சி எல்லாரையும் காப்பாத்தினா. பேருக்கு ஏத்த ஆளுன்னு புருஷனைப் பத்தி அவளே சொல்லிட்டா."

"சார், மணியாச்சு," என்றார் குமாஸ்தா. வாயைக் கையால் மூடியிருந்தார்.

போர்டுக்காரருக்கு அழுகையே வந்துவிட்டது. "எழுதுங்க... ஈசாக்கு. அதுக்காவது அர்த்தம் நல்லதா?"

"சிரிப்பான்னு அர்த்தம்."

குழந்தை சிரிக்கவில்லை. குமாஸ்தா சிரித்தார்.

வெளியே வந்ததும் போர்டுக்காரர் வெடித்தார். "முன்னாடியே தெரியும்ல? பத்து நாளா தங்க வர்ணம் பூசினேனே, தடுத்திருக்கக் கூடாதா?"

"எதுக்குத் தடுக்கணும்?" என்றாள் மனைவி. "உங்க கடைக்குத்தான் பலகையே இல்லையே."