சிவப்புக் கோட்டுக்கு வெளியே ஒரு வீடு

ஓக்லஹோமாவில் காற்று எங்கே அடித்தது என்று தீர்மானிக்கும் அதிகாரம் காற்றுக்குக் கிடையாது. அது வானிலை அலுவலகத்துக்கு உரியது. புயல் மேகம் சுழன்ற பாதையை ரேடார் சிவப்புக் கோடாக வரைந்து கொடுக்கும். சேதம் பார்க்க வருகிறவர்கள் எங்கிருந்து தேடத் தொடங்கலாம் என்பதற்கு அது ஒரு குறிப்பு, அவ்வளவுதான். ஆனால் அதிகாரி ஹாலிஸ் ப்ரூட் குறிப்பையே வேதவாக்காக எடுத்துக்கொள்ளும் ரகம்.

சுழற்காற்று அடித்த மறுநாள் காலை அவர் வெர்னா ஸ்டக்கியின் வாசலுக்கு வந்தார். வாசல் இருந்தது. கூரை இல்லை. கால் முறிந்து ஒரு மாதமாக மாவுக்கட்டோடு கிடக்கும் அவள் கணவன் ஆர்லோ, கட்டிலில் படுத்தபடியே ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வெர்னா, மேகம் கறுத்துக்கிட்டு வருதுடி!"

"சும்மா கிட மனுஷா!" என்று அதட்டிவிட்டு அவள் அதிகாரியிடம் திரும்பினாள். "சார், சாயங்காலம் மழை வந்துரும். மூடிக்க ஒரு தார்ப்பாய் குடுங்க, போதும்."

ப்ரூட் கையிலிருந்த ரேடார் படத்தைப் பார்த்தார். "உங்க வீட்டுக்குச் சுழற்காத்து வரவே இல்லையே மேடம். கோடு அரை மைல் தள்ளி, டெல்மர் வயல் மேல போகுது. தார்ப்பாய் கோட்டுக்குள்ள இருக்கறவங்களுக்குத்தான்."

"அப்ப என் கூரை எங்க போச்சு?"

"அதைப் பத்திரமா வச்சிருக்க வேண்டியது நீங்கதானே?"

ப்ரூட்டும் அவரோடு வந்த குழுவும் அந்த வயலுக்குப் போனார்கள். கோதுமை ஒரு கதிர்கூடச் சாயாமல் நின்றது. சேதம் சாமர்த்தியமாக ஒளிந்திருக்கிறது என்று முடிவு செய்து, தேடலைத் தொடரும் முன் சாப்பிடக் கிளம்பினார்கள்.

வெர்னாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டிரெய்லரை வண்டியில் மாட்டினாள். குளிர்பெட்டி, குளியல் தொட்டி, உடைந்த உத்தரம், கடைசியில் ஆர்லோவைக் கட்டிலோடு ஏற்றி வயல் நடுவில் இறக்கினாள். அதைப் பார்த்துவிட்டு, கூரை போன மற்றவர்களும் தங்கள் குப்பைகூளத்தோடு வந்து சேர்ந்தார்கள். வயல்காரன் டெல்மர் கத்தித் தீர்த்தான். யாரும் காதில் வாங்கவில்லை.

திரும்பி வந்த ப்ரூட், வயல் முழுக்கக் கிடந்த சேதத்தைக் கண்டு நெகிழ்ந்துபோனார். ஆர்லோவின் அருகே குனிந்தார்.

"எங்கேருந்து வந்தீங்க?"

"என் வீட்டுலேருந்துதான்."

"கட்டிலோடவா?"

"கட்டிலோடதான் சார்."

"மாவுக்கட்டு?"

"அதுவும் கூடவே வந்துச்சு."

"எப்பேர்ப்பட்ட காத்து!" என்றார் ப்ரூட். உடனே பெரும் சேதம் என்று அறிவித்து, வயல் ஓரத்திலேயே தார்ப்பாய் கொடுக்க ஆரம்பித்தார். வெர்னாதான் வரிசையில் முதல் ஆள்.

"பெரியோர்களே!" என்று ப்ரூட் வரிசையைப் பார்த்து உரக்கச் சொன்னார். "படம் ஒரு அங்குலம்கூடத் தப்பவில்லை. இவ்வூரின் சகல சேதமும் இவ்வயலிலேயே நிகழ்ந்துள்ளது. ஆகவே ஊருக்குள் வீணாக நிற்கும் அபாயச் சங்கைக் கழற்றி, இங்கே நட உத்தரவிடுகிறேன்."

சங்கு போனால் அடுத்த சுழற்காற்று வருவது ஊருக்குத் தெரியாது. உண்மையைச் சொன்னால் தார்ப்பாய் போய்விடும். எல்லாரும் வெர்னாவைப் பார்த்தார்கள். மேகம் உறுமியது.

அவள் தார்ப்பாயை அக்குளில் இடுக்கிக்கொண்டு, பலமாகக் கைதட்டினாள். ஊரே சேர்ந்து தட்டியது.